மூன்றாவது கதிரை

நூலொன்று அழியாது நிற்பதற்கும் விளையாட்டொன்று அழியாது நிற்பதற்கும் பெரியதோர் வேறுபாடு உண்டு. நூல் அலுமாரியில் நூறாண்டு தூசு படிந்து கிடந்தாலும், ஒருநாள் ஒருவர் எடுத்துப் பிரித்தாற் போதும். அது மீண்டும் பேசத் தொடங்கிவிடும். விளையாட்டோ அத்தகையதன்று. அதன் விதிகள் அச்சில் இருக்கலாம். காய்கள் பெட்டியிற் பத்திரமாக இருக்கலாம். ஆயினும், உடனிருந்து ஆடிக்காட்டிப் புதியவர்களைப் பழக்குவார் ஒருவர் இல்லையெனின், அது உயிரற்ற விளையாட்டே. இவ்வுண்மையை விளக்குவதற்கு, இரு நூற்றாண்டுகளைக் கடந்துவந்த ஒரு மேசைப் போர் விளையாட்டின் வரலாற்றை இவ்வாரம் எடுத்துக்கொள்கின்றோம். அதன் பெயர் கிறீக்ஸ்பீல். ஜேர்மன் மொழியில் இதன் பொருள் போர் விளையாட்டு என்பதே.

இதன் மூதாதை நம் நேயர்களுக்குப் புதியதன்று. நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்தி ஆடும் சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகர், அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 1780 ஆம் ஆண்டில், பிறன்ஸ்விக் நகரிற் கணிதம் கற்பித்த ஹெல்விக் என்பார், சதுரங்கப் பலகையை ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட கட்டங்களாகப் பெருக்கி, மலை, ஆறு முதலியவற்றையும் அதிற் காட்டினார். ஆயினும், உண்மைப் படைகள் கட்டம் கட்டமாகவா நகர்கின்றன? இக்குறையை நீக்க முயன்றவர் பிரசிய நாட்டு அதிகாரியான ரைஸ்விற்ஸ். கட்டங்களையே ஒழித்து, நிலத்தின் வடிவைக் காட்டும் ஓடுகளைப் பதித்த மேசையொன்றைச் செய்வித்து, 1812 இல் மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியத்திற்கு அளித்தார். மேசை அழகியதே, ஆனால் அரண்மனைக்கு வெளியே அதனை வாங்கி வைக்க வல்லவர் யார்?

அவ்வினாவிற்கு விடை கண்டவர் அவருடைய மைந்தர். பீரங்கிப் படையில் இளம் அதிகாரியாக இருந்த அவர், 1824 இல் விளையாட்டின் விதிகளைச் செப்பனிட்டு நூலாக வெளியிட்டார். மேசைக்குப் பதிலாக வரைபடம் வந்தது. படத்தின் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தின் 80 மீற்றரைக் குறிக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடப் போரைக் குறிக்கும். சிவப்பு, நீலம் என இரு தரப்பு. இவ்விரு தரப்பினருக்கும் நடுவே ஒரு நடுவர். தரப்பினர் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். நடுவரே காய்களை நகர்த்துவார். துப்பாக்கிச் சூட்டின் விளைவைப் பகடையாலும் அட்டவணையாலும் தீர்மானிப்பார். எதிரியின் கண்ணிற் படாத படை வரைபடத்தில் வைக்கப்படுவதில்லை. குன்றின் பின்னே என்ன இருக்கின்றது என்பதை நடுவரன்றிப் பிறர் அறியார்.

அக்காலப் பிரசியப் படையின் தலைமை அலுவலகத்திற்குப் பொறுப்பாயிருந்த தளபதி மியூப்ளிங், இவ்விளையாட்டைப் பார்க்கச் சென்றபோது அதிற் பெரிதும் நாட்டமின்றியே சென்றார். ஆட்டம் முதிர முதிர அவர் மனம் மாறிற்று. இது விளையாட்டன்று, போர்ப் பயிற்சியே எனப் பாராட்டிப் படை முழுமைக்கும் பரிந்துரைத்தார். ஆனால் அதனை ஆக்கியவரின் வாழ்வு சிறக்கவில்லை. 1826 இல் தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள கோட்டையொன்றிற்கு மாற்றப்பட்ட அவர், மனமுடைந்து, 1827 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆக்கியோன் மறைந்தும் ஆட்டம் மறையவில்லை. அதனைக் கற்றிருந்த அதிகாரிகள் தத்தம் படைப்பிரிவுகளிற் பிறருக்குக் கற்பித்ததே அதற்குக் காரணம்.

எனினும், காலப்போக்கில் வேறொரு நோய் பற்றிற்று. அட்டவணைகளைப் புரட்டுவதிலும் கணக்கிடுவதிலும் பொழுது கழிய, ஆட்டம் ஆமை வேகத்தில் ஊர்ந்தது. நடுவராக இருக்க முன்வருவார் அரிதாயினர். 1873 இல் மெக்கல் என்னும் அதிகாரி இக்குறையை எடுத்துரைத்தார். 1876 இல் வேர்டி டு வேர்ணுவா என்னும் தளபதி ஒருபடி மேற்சென்று, பகடையும் அட்டவணையும் வேண்டா, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். அன்று தொட்டு இரு கட்சிகள் உண்டு: விதியைப் பற்றி நிற்போர் ஒரு சாரார், நடுவரின் மதியைப் பற்றி நிற்போர் மறு சாரார்.

பின்னர் படைகள் வேறு பயிற்சி முறைகளை நாடின. 1824 ஆம் ஆண்டு விதிகளை அறிந்தோர் அருகினர். 1983 இல் அவை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்த பின்னரே, படைத்துறையோடு தொடர்பற்ற பலர் பொழுதுபோக்காக அவற்றைக் கையிலெடுத்தனர். இன்று மேசையைச் சுற்றி இருந்தும், வெவ்வேறு நாடுகளிலிருந்து கணினி வழியாகவும் இதனை ஆடுவோர் உளர்.

புதியவர்களை இதற்குள் கொண்டுவருவது எவ்வாறு? ஆர்வமுடையோர் இதில் இரு வகையாகத் தவறுவதுண்டு. சிலர் முதல்நாளே விதிநூலைப் புதியவரின் கையிற் கொடுத்துவிடுகின்றனர். அட்டவணைகளைக் கண்ட மாத்திரத்தில் அவர் மறுவாரம் வாரார். வேறு சிலர், புதியவருக்கு எளிதாகட்டும் என்று விதிகளை வெட்டிக் குறைத்துக்கொண்டே போகின்றனர். முடிவிற் பெயர் மட்டும் பழையதாகவும் ஆட்டம் வேறாகவும் எஞ்சுகின்றது.

இவ்விரண்டிற்கும் மருந்து அவ்விளையாட்டின் உள்ளேயே இருக்கின்றது. ஆடுபவருக்கு விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை! நடுவருக்குத் தெரிந்தாற் போதும். உம்மிடம் இவ்வளவு படை உண்டு, இப்பாலத்தைக் காக்க வேண்டும், என்ன செய்யப் போகின்றீர் என்று கேட்டால் எவரும் விடை கூறலாம். குதிரைப்படை வலப்புறக் காட்டிற்குச் செல்க என்று புதியவர் எழுதுகின்றார் எனக் கொள்வோம். தூதன் அங்கு போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகும் என்று நடுவர் கணக்கிட்டால், ஐந்து முறைகள் கழிந்த பின்னரே அக்கட்டளை படையை அடையும். அதற்குள் காட்டிற்குள் எதிரி புகுந்திருக்கலாம். தாம் எழுதிய கட்டளையே தமக்குப் பகையாக முடிந்ததைக் காணும் அவ்வேளையிற் புதியவர் ஆட்டத்தின் உயிர்நிலையை உணர்ந்துவிடுகின்றார். ஒரு பக்க விதியையேனும் அவர் படித்திருக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் அட்டவணைகளை எறிந்துவிடலாமே என்று கேட்பாருமுளர். நாம் அதற்கு உடன்படோம். வேர்டியும் அவரோடு ஒத்த அதிகாரிகளும் 1866, 1870 ஆம் ஆண்டுப் போர்களை நேரிற் கண்டவர்கள். அட்டவணை அவர்கள் அனுபவத்திலேயே இருந்தது. இன்று நடுவராக அமர்பவர் பெரும்பாலும் போரைக் காணாதவர். அவருக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? துப்பாக்கிகளின் விளைவு பற்றிச் சார்ன்ஹோஸ்ற் என்னும் தளபதி 1813 இல் வெளியிட்ட சோதனைக் கணக்குகளையும் ரைஸ்விற்ஸ் பயன்படுத்தியிருக்கின்றார். நெப்போலியனோடு பொருத தலைமுறையின் அறிவு அவ்வட்டவணைகளில் உறைந்து கிடக்கின்றது. அதனைக் கைவிட்ட நடுவரின் தீர்ப்பு, காலப்போக்கில், வேண்டியவருக்கு வெற்றி வழங்குவதாக முடியலாம். ஆகவே, புதியவருக்கு விதி மறைந்திருக்கட்டும்; நடுவருக்கு அது மனனமாக இருக்கட்டும்.

இங்ஙனம் ஆராயின், இவ்விளையாட்டிற்குப் பஞ்சம் ஆடுபவர்களால் வருவதன்று. நடுவர்களால் வருவதே என்பது புலனாகும். நடுவருக்கு வெற்றி இல்லை; உழைப்பு மட்டுமே உண்டு. எனவே, சில ஆட்டங்கள் ஆடிமுடித்த ஒருவரை நடுவரின் பக்கத்தில் இருத்தி, தூரம் அளக்கவும் பகடை உருட்டவும் பழக்கி, ஒருநாள் அம்மூன்றாவது கதிரையை அவருக்கே விட்டுக்கொடுத்தல் வேண்டும். தாமே என்றும் நடுவராக இருக்க விரும்பும் மூத்தவர், தாம் நேசிக்கும் விளையாட்டைத் தம்மோடு கொண்டுபோய்விடுகின்றார்.

போர் என்ற சொல்லைக் கேட்டமட்டில் உள்ளம் நடுங்கும் குடும்பங்கள் நம் நாட்டிற் பல. அவர்களுக்கு இத்தகைய விளையாட்டு கசப்பாயின், அதனைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆயினும் ஒன்று கூறுவோம். பொம்மைப் போர்வீரரைக் கொண்டு ஆடுவதற்கு விதிகள் எழுதி 1913 இல் நூலாக வெளியிட்ட எச். ஜி. வெல்ஸ், சிறுபோரை ஆடிப் பார்த்தவனுக்குப் பெரும்போரின் மடமை விளங்கும் என்று வாதித்தார். மறு ஆண்டே உலகப் பெரும்போர் மூண்டது. விளையாட்டுப் போரைத் தடுக்காது என்பதற்கு அதுவே சான்று. எனினும், அனுப்பிய கட்டளை காலம் தாழ்த்தியே சேரும், எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, வகுத்த திட்டம் வகுத்தவாறு நடவாது என்பவற்றை ஒருவன் கடதாசிப் படத்தின்மேற் கற்றுக்கொள்வானாயின், அப்படிப்பினை மலிவானதே. அங்கே உருள்பவை பகடைகள் மட்டுமே.

போர் விளையாட்டு வேண்டாதவர்களுக்கும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. உங்கள் வீட்டில் முதியோர் மட்டுமே அறிந்த விளையாட்டு ஏதேனும் இருப்பின், அதன் விதிகளை எழுதி வைப்பது நன்று. அதனினும் நன்று, பிள்ளைகள் ஆடும்போது அருகிருந்து வழக்குத் தீர்ப்பது. பின்னர் அத்தீர்ப்பையும் அவர்களிடமே ஒப்படைப்பது.