நாரை எடைக்குப் போடலாமா?

தூத்துக்குடிப் பனந்தும்பு தூரிகைகளுக்காகக் கடல் கடந்து செல்வதை அங்கத்தினர் அறிவர். தாமிரபரணிக் கரையிலோ, தார் வெட்டியபின் வாழைமட்டை பெரும்பாலும் வீணாகிறது. இத்தகைய நார்களைச் செயற்கைப் பிசினில் பதித்து உறுதியான பலகைகள் செய்யலாம். 1957-இல் கிழக்கு ஜெர்மனியில் வெளிவந்த டிராபான்ட் மோட்டாரின் மேற்பலகைகள் பருத்தியிழையையும் பிசினையும் சேர்த்து இறுக்கியவையே.

இதில் நார் இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் நாரைப் பிணைக்கிறது. ஈரமோ அழுக்கோ இருப்பின் பிணைப்புத் தளரும். ஆகவே நாரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி உலர்த்துவர். காரம் மிஞ்சினால் நாரே நலியும். கண்ணாடியிழை கலந்தால் வலிமை பெருகும், ஈரம் உறிஞ்சுதல் குறையும். ஆனால் எடை கூடும். நார் கிடக்கும் திசையிலேயே வலிமை மிகுதி. பருத்திப் பாவில் வாழைநாரை ஊடையாக்கி நெய்தால், இரு திசையிலும் வலிமை பரவும்.

எனவே, நாரை வெறும் எடைக்குப் போடுவது நமக்கு உடன்பாடன்று. பயிரிடுவோர் உலர்த்தித் தரம் பிரிக்கட்டும், நெசவாளர் நெய்யட்டும், சங்கம் பொறியியற் கல்லூரியொன்றில் இழுவை, வளைவு, மோதல் சோதனைகள் செய்வித்து, அச்சான்றுடன் விலை பேசட்டும். கொள்வோரின் ஒப்பந்தம் கைக்கு வருமுன் இயந்திரத்துக்காகக் கடன்படுதல் மட்டும் வேண்டா.