சாட்சியின் அச்சமும் நீதியின் கடமையும்

குற்றவியல் மேல்முறையீடு என்பது தண்டிக்கப்பட்டவருக்கு இரங்கி வழங்கும் சலுகை அன்று. சட்டம் அளித்த உரிமை. விசாரணை நீதிமன்றம் கண்ட சான்றுகள் அனைத்தையும் உயர் நீதிமன்றம் தானே மீண்டும் எடை போட்டு, குற்றம் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா எனத் தெளிய வேண்டும். அக்கடமையைச் செவ்வனே ஆற்றிய தீர்ப்பு, கோகுல்ராஜ் கொலை வழக்கில் 2023 ஜூன் 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழங்கியது.

சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பட்டியலினத்துப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில், தம்முடன் பயின்ற வேறு சாதிப் பெண் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அதுவே கொலையாளிகளின் கண்ணில் அவர் செய்த பிழை. மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டவர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். தாமே உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தோன்றும்படி கடிதம் ஒன்றும் அணியமாக இருந்தது. சாதி அமைப்பொன்றின் நிறுவனரான யுவராஜ் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டார். காவல் துறை தேடிக்கொண்டிருந்த நாள்களில், அவர் தலைமறைவாக இருந்தபடியே தம் குரலைப் பதிந்து ஊரெங்கும் பரப்பினார். சாதியின் துணை உண்டென்ற துணிவன்றி அதற்கு வேறு காரணம் இல்லை.

நாமக்கல்லில் நடந்த விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். மகனை இழந்த தாய் உயர் நீதிமன்றத்தை நாடிய பின்னரே, 2019இல் வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் பத்துப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று, ஐவர் விடுவிக்கப்பட்டனர். தண்டனை பெற்றோர் ஒருபுறமும், விடுதலையை எதிர்த்துத் தாய் மறுபுறமும் மேல்முறையீடு செய்தனர்.

நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் கோப்புகளைப் படித்ததோடு நின்றுவிடவில்லை. நிகழ்வின்போது உடனிருந்து, பின்னர்ப் பிறழ்சாட்சியாகிவிட்ட அப்பெண்ணை 2022 நவம்பரில் மீண்டும் அழைத்து விசாரித்தனர். கோயிலின் கண்காணிப்பு கேமரா பதிவில் தெரிவது தாம் அல்ல என்று அவர் மறுத்தபோது, நீதிமன்றம் தானே முன்வந்து அவமதிப்பு நடவடிக்கை தொடங்கிற்று. 2023 ஜனவரியில் நீதிபதிகள் இருவரும் மலையேறிச் சென்று, கேமராக்கள் இருந்த இடங்களையும் கோயிலின் வாயில்களையும் நேரில் பார்வையிட்டனர்.

முடிவில், யுவராஜ் உள்ளிட்ட எண்மரின் ஆயுள் தண்டனை உறுதி செய்யப்பட்டது. இருவரின் ஆயுள் தண்டனை ஐந்தாண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது. ஐவரின் விடுதலையும் நிலைநிறுத்தப்பட்டது. கொடுமையின் கடுமை கண்டு அனைவரையும் ஒரே கயிற்றால் பிணிக்க நீதிமன்றம் ஒப்பவில்லை. ஒவ்வொருவருக்கும் எதிரான சான்று தனித்தனியே ஆராயப்பட்டது. அதனாலேயே இத்தீர்ப்பு வலிமை பெறுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையை மதித்து வழங்கிய தண்டனையைப் பழிவாங்கல் என்று எவரும் இகழ இயலாது.

எனினும் நாடு கருத வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. மாந்தர் சொல்ல மறுத்ததை இங்கே ஒரு கருவி சொன்னது. அக்கோயிலில் கேமரா இல்லாதிருந்தால்? அல்லது பதிவு உரிய நாளில் கைப்பற்றப்படாது அழிந்திருந்தால்? கடத்தியவர்கள் இன்று தலைநிமிர்ந்து திரிந்திருக்கவும் கூடும். ஆணவக் கொலைகள் பெரும்பாலும் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் ஆளரவமற்ற காட்டுவழிகளிலும் நிகழ்கின்றன. அங்கே கண்டவர் உற்றாரே, கொன்றவரும் உற்றாரே. கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டு அதே தெருவுக்கு, அதே சுற்றத்தாரிடையே திரும்ப வேண்டியவரிடம் உண்மையை மட்டும் எதிர்பார்ப்பது எளிது. அவ்வுண்மைக்குக் காவலாக நிற்பதே கடினம். பொய்ச்சாட்சிக்குத் தண்டனை வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் காக்கத் தவறிய அரசு, தண்டிக்க மட்டும் விரைவது முறையாகாது.

வழி தெரியாமலும் இல்லை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே ஏற்று, நாடெங்கும் சட்டமாகப் பின்பற்றுமாறு ஆணையிட்டது. அச்சுறுத்தலின் அளவை மதிப்பிட்டுக் காவல் அளித்தல், அடையாளத்தை மறைத்தல், வேறிடத்தில் குடியமர்த்தல் ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவும், இத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்கும் பொறுப்பை மாநில அரசுகள் மீது சுமத்துகிறது. ஏட்டில் உள்ள இத்திட்டம் எளிய சாட்சியின் வீட்டுவாயிலை எட்ட வேண்டும்.

ஆகவே, சாதிக் கொலை வழக்குகளில் சாட்சிகளுக்குப் பாதுகாப்பு வேண்டுமா என்பதை, அவர்கள் விண்ணப்பிக்கும்வரை காத்திராமல், முதல் தகவல் அறிக்கை பதிவாகும் நாளிலேயே காவல் துறை மதிப்பிட வேண்டும். மின்னணுச் சான்றுகளை உடனே கைப்பற்றி முறைப்படி காக்க வேண்டும். விசாரணையை ஆண்டுக்கணக்கில் இழுக்காது முடிக்க வேண்டும். காலம் நீள நீள அச்சுறுத்துவோர்க்கே வாய்ப்பு பெருகும். 2015இல் நடந்த கொலைக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2023இல்தான் வந்தது. இனியொரு தாய் இத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் காத்திருக்க நேராதபடி காப்பது அரசின் கடமை. அதனை இனியும் தாழ்த்தாது நிறைவேற்றுக.