ஐவரில் கேடயம் ஏந்துவது யார்?

விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கும் நம் சங்க இதழில் இடம் வேண்டுமா என்று முகஞ்சுளிப்போர் சிலர் இருத்தல் கூடும். கவிதைக்கும் கதைக்கும் பயணக் கட்டுரைக்கும் இடையே, கணிப்பொறியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுக்கு என்ன வேலை? வேலை உண்டு, நண்பர்களே. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குமேல் நம் உறுப்பினரிற் பாதிப் பேரைத் தேடினால், நூலகத்திலும் காணமாட்டோம். உணவு விடுதியிலும் காணமாட்டோம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு, அமெரிக்க நாட்டுக் காவலராக மாறி யாருடைய வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருப்பார்கள். பாதி உறுப்பினர் செய்யும் காரியத்தைப் பற்றி இதழ் பேசாமல் இருக்கலாமா?

விளையாட்டின் பெயர் 'ரெடி ஆர் நாட்'. 2021 டிசம்பரில் முற்றுப்பெறாத வடிவில் வெளிவந்து, 2023 டிசம்பர் 13 அன்று முழுமையாக வெளியிடப்பெற்றது. கலிபோர்னியாவில் 'லாஸ் சுவேன்யோஸ்' என்றொரு கற்பனை நகரம். அந்நகரின் சிறப்புக் காவற்படையினர் ஐவர் ஆயுதந்தாங்கியோர் ஒளிந்திருக்கும் வீட்டுக்குள்ளோ, பெட்ரோல் நிலையத்துக்குள்ளோ, மருத்துவமனைக்குள்ளோ நுழைந்து, அங்குள்ளோரை அடக்கி வெளிக்கொணர வேண்டும். இதற்கு மூத்தது 2005இல் வந்த 'ஸ்வாட் 4'. அதன் வாரிசென்றே இதனைச் சொல்லலாம்.

களத்தில் இறங்குமுன் கருவி அறையில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்கின்றனர். நான் சொல்ல வந்தது அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியே. அந்நேரத்தில் நம்மவர் நடந்துகொள்ளும் முறை நன்றாயில்லை. வருகிறவர் எல்லாரும் நீண்ட துப்பாக்கி ஒன்றை எடுக்கின்றனர். அதற்கு ஏற்ற தொலைநோக்கி எது, பிடி எது, குழல் எது என்று கல்யாணப் பெண்ணுக்கு நகை பார்ப்பதுபோல் பார்க்கின்றனர். பிறகு பைகளையெல்லாம் தோட்டாவால் நிரப்பிக்கொண்டு கிளம்புகின்றனர். கதவுக்கு அடியில் பார்க்கும் கண்ணாடி எவரிடமும் இல்லை; கதவை அடைக்கும் ஆப்பு எவரிடமும் இல்லை; பூட்டிய கதவைத் திறக்க இடிகட்டையும் இல்லை. ஐவரும் அருச்சுனர், தேரோட்ட ஒருவருமில்லை!

இதில் என்ன குற்றம், சுட்டு வென்றால் போதாதா என்பர். போதாது. விளையாட்டை ஆக்கியோரே போதாது என்கின்றனர். ஆட்டம் முடிந்ததும் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். எச்சரிக்கை தராமலும் தேவையில்லாமலும் சுட்டால் மதிப்பெண் குறைகிறது. பொதுமக்கள் உட்பட உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் கைவிலங்கு பூட்டித் தலைமை நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். கீழே கிடக்கும் ஆயுதங்களைக் கைப்பற்ற வேண்டும். உச்ச மதிப்பான 'எஸ்' கிடைக்க வேண்டுமாயின் சந்தேக நபர் அனைவரும் உயிரோடு பிடிபட வேண்டும். நம்மவரில் ஒருவரும் வீழக் கூடாது. கொல்லாமல் வெல்வதே இங்கே தேர்ச்சி. அவ்வாறிருக்க, கொல்லும் கருவியை மட்டுமே சுமந்து செல்வது, கணக்குத் தேர்வுக்கு வண்ணப் பெட்டி கொண்டுபோவதற்கு ஒப்பாகும்.

இனி, கருவிகளின் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சச்சரவின் வேர் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக் கோல், இடிகட்டை, கதவு உடைக்கும் துப்பாக்கி, கேடயம் ஆகிய இவை நான்கும் ஒரே இடத்தைப் பிடிப்பவை. ஒருவர் இவற்றுள் ஒன்றையே கொள்ள முடியும். எனவே நான்கும் வேண்டுமாயின் நால்வர் பகிர்ந்துகொள்வது தவிர வேறு வழியில்லை. கவசத்திலுள்ள பைகளும் அளவுக்கு உட்பட்டவை. தோட்டாவுக்குக் கொடுத்த பை ஆப்புக்குக் கிடையாது, ஒளிக்குண்டுக்குக் கிடையாது. ஆட்டம் முழுதும் அறுபது தோட்டா செலவழிக்காத ஒருவர் எதற்காக இருநூறு தோட்டா சுமக்கிறார் என்று நான் பலமுறை வியந்ததுண்டு. அச்சம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

முகமூடியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணீர்ப் புகைக்கு ஒரு முகமூடி. கண்ணைப் பறிக்கும் ஒளிக்கு வேறொரு கண்ணாடி. இரண்டையும் ஒருங்கே அணிய முடியாது. ஒருவர் மற்றவரைக் கேளாமல் புகைக்குண்டு எடுத்து வந்தார் என்று வையுங்கள். அவர் மூடி அணிந்திருப்பார். அடுத்து நுழைபவர் இருமிக்கொண்டு நிற்பார். ஒருவர் பையில் உள்ளது மற்றவர் முகத்தில் இருக்க வேண்டியதைத் தீர்மானிக்கிறது. 'என் கருவி, என் விருப்பம்' என்று சொல்வதற்கு இந்த ஆட்டத்தில் இடமேயில்லை.

கேடயத்துக்கு வருவோம். கேடயம் ஏந்துபவர் நீண்ட துப்பாக்கியைப் பயன்படுத்த இயலாது. கைத்துப்பாக்கி ஒன்றே துணை. இதனாலேயே நம் இளைஞர் அதைத் தீண்டத் தயங்குகின்றனர். ஆயின் முதலில் அறைக்குள் கால் வைப்பவர் அவர். முதலில் பார்ப்பவர் அவர். உள்ளே எத்தனை பேர், எந்த மூலையில், கையில் என்ன என்பதைப் பின்னால் வருவோர்க்கு அவர் சொல்ல வேண்டும். சரணடைந்தவர்போல் நடித்து ஆயுதத்தை உருவுவோரும் இவ்விளையாட்டில் உண்டு. அக்கணத்தில் சுட அவசரப்படாமல் நிற்கக் கூடியவர், தன் முன்னே இரும்புத் தடுப்பு உள்ளவரே. அவர் தாங்கி நிற்க, பின்னால் வருபவர் சென்று விலங்கு பூட்டுவார். அணியிலேயே மிகத் தெளிவாகப் பேசுபவருக்கும் மிக அமைதியானவருக்கும் உரிய பொறுப்பு அது. நம் அறைகளிலோ, அது மிச்சமானவருக்கு எறியப்படுகிறது.

கொல்லாத ஆயுதம் ஏந்துவோர் இருவராவது வேண்டும் என்பது என் துணிபு. சிறு பை ஒன்றை வீசி வலியால் வீழ்த்தும் 'பீன்பேக்' துப்பாக்கி உண்டு. மிளகுப் பொடி உருண்டைகளை வீசுவதும் உண்டு. இவை நீண்ட துப்பாக்கியின் இடத்தைப் பிடிக்கின்றன. ஆதலால் இவற்றை ஏந்துபவர் கண்ணாடிக் கோலையும் உடன் கொள்ளலாம். கதவின் கீழ்ப் பார்த்து, கண்ணி கட்டியிருக்கிறதா என அறிந்து சொல்பவரும் அவரே ஆகலாம். ஆனால் அவரைத் தனியே அனுப்பக் கூடாது. அவர் தோளருகே உண்மைத் துப்பாக்கியுடன் ஒருவர் நின்றாக வேண்டும். எதிரி தோட்டாவால் விடை சொன்னால் மிளகுப் பொடியால் என்ன செய்வது? இருவரையும் இணைத்தே பெயர் சொல்ல வேண்டும். 'ஸ்வாட் 4' ஆட்டத்தில் தலைவர் ஒருவர், சிவப்பு அணியில் இருவர், நீல அணியில் இருவர் என்று இருவர் இருவராகப் பிரித்ததன் நயம் இதுதான்.

ஆப்பைப் பற்றி ஒரு சொல். கதவின் அடியில் செருகும் சிறு கட்டை அது. காண அழகில்லை, ஓசையில்லை. ஆயினும் நாம் சோதித்து முடித்த அறையின் மறுவாயிலை அது அடைத்துவிட்டால், முதுகுக்குப் பின்னால் ஒருவன் சுற்றி வருவது நின்றுவிடுகிறது. ஐவர் செய்ய வேண்டிய காவலை ஒரு கட்டை செய்கிறது. எவரும் எடுத்துச் செல்வதில்லை என்பது ஒன்றே அதன் குறை!

என்றாலும், எல்லாக் களத்துக்கும் ஒரே பங்கீடு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பெட்ரோல் நிலையத்தில் நடக்கும் முதற்களத்தில் பொறுமை பயன் தரும். கண்ணாடி பார்த்து, ஆப்பு வைத்து, ஒவ்வோர் அறையாக நகரலாம். 'எலிஃபண்ட்' என்னும் களம் வேறு. அது ஒரு கல்லூரி. உள்ளே துப்பாக்கியுடன் திரிவோர் மாணவர்களைச் சுட்டுக்கொண்டே போகின்றனர். அங்கே ஒவ்வொரு கதவின் கீழும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், நாம் காட்டும் நிதானத்தின் விலையை உள்ளிருக்கும் மாணவர் தருவர். அங்கே கனத்த கவசமும் கேடயமும் கொண்டு மெல்ல ஊர்வது தகாது. விரைந்து செல்வோர் வேண்டும், துப்பாக்கியில் கைதேர்ந்தோர் முன்னே வேண்டும். கல்லூரி மாணவராகிய நமக்கு அந்தக் களம் ஆடுவதற்கே சற்றுக் கூசுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவை 48, 49, 50ஆம் அதிகாரங்கள். தெரிந்துவினையாடல், அஃதாவது இன்னார்க்கு இன்ன வேலை என்று ஒப்படைப்பது, 52ஆவது. வலிமையையும் காலத்தையும் இடத்தையும் எண்ணிப் பார்த்த பின்னரே ஆளுக்கு வேலை பகிரும் பேச்சு வருகிறது. நம் அறைகளில் இம்முறை தலைகீழாய் இருக்கிறது. களம் எதுவென்று அறிவிக்கும் முன்பே துப்பாக்கி தேர்ந்தாயிற்று! களத்தின் விவரக் குறிப்பை வாசிப்பவர் ஐவரில் ஒருவரேனும் உண்டா என்பது ஐயம்.

சில விளையாட்டுகள் இந்தச் சண்டைக்கு இடமே வைப்பதில்லை. 2015 டிசம்பரில் வந்த 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' ஆட்டத்தில் ஒவ்வொரு வீரருக்கும் தனிக்கருவி உண்டு. ஓர் அணியில் ஒருவரை இருவர் தேர்ந்துகொள்ள முடியாது. எனவே பங்கீடு தானே நிகழ்ந்துவிடுகிறது. 'ரெடி ஆர் நாட்' அவ்வாறு கட்டுப்படுத்துவதில்லை. ஐவரையும் தம் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. அதனாலேயே எனக்கு இது பிடித்திருக்கிறது. கட்டாயத்தால் பங்கிடுவதற்கும் பேசிப் பங்கிடுவதற்கும் வேற்றுமை இல்லையா?

'வெறும் விளையாட்டு, இத்தனை ஆராய்ச்சி எதற்கு' என்னும் நண்பர்க்கு ஒன்று சொல்வேன். இவ்விளையாட்டு எந்த நாட்டைக் காட்டுகிறதோ அந்த நாட்டில், 2020 மார்ச் 13 அன்று லூயிவில் நகரில், நள்ளிரவுக்குப் பின் காவலர் ஒரு வீட்டுக் கதவை உடைத்து நுழைந்தனர். வந்தவர் யாரென்று அறியாது உள்ளிருந்தவர் ஒருமுறை சுட்டார். காவலர் திருப்பிச் சுட்ட குண்டுகளில் பிரியானா டெய்லர் என்னும் 26 வயதுப் பெண் மாண்டார். அவர் மருத்துவமனைப் பணியாளர். அவர் கையில் ஆயுதம் இல்லை. கதவுக்கு வெளியே நிற்பவர் என்ன கொண்டுவந்திருக்கிறார், யாராக அறிவித்துக்கொண்டார் என்பது கதவுக்கு உள்ளே இருப்பவரின் உயிர். விளையாட்டில் எச்சரிக்கைக் குரல் எழுப்ப ஒரு விசை வைத்திருக்கிறார்களே, நம்மவரிற் பலர் அதைத் தொடுவதே இல்லை.

இனி நம் வீட்டுச் செய்தி. கேடயமும் இடிகட்டையும் இன்று யாரிடம் போகின்றன? முதலாண்டு மாணவரிடம். ஏன்? அவர் பொருத்தமானவர் என்பதாலா? அன்று, அவர் முதலாண்டு என்பதால். இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டத்தைத் தாங்கும் கணிப்பொறி எல்லாரிடமும் இல்லை. பொறி யாருடையதோ அவரே துப்பாக்கியையும் தலைமையையும் எடுத்துக்கொள்கிறார், இரவல் வாங்கியவர் கொடுத்ததை ஏற்கிறார். பொறியின் விலைக்கும் கதவருகே நிதானமாக நிற்கும் திறமைக்கும் என்ன உறவு? ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவில், வகுப்பில் பேசும் இந்தி பாதி புரிந்தும் பாதி புரியாமலும் முதல் ஆறு மாதம் வாய் திறவாமல் கழிக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்கள் உரக்கப் பேச ஓர் இடம் கிடைப்பது சனிக்கிழமை இரவில்தான். அங்கேயும் 'நீ பேசாதே, முன்னால் போய் நில்' என்றால் அவர்கள் எங்கே பேசுவார்கள்?

கேடயம் ஏந்துபவரிடமே கட்டளைக் குரலையும் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. முன்னால் நிற்பவர் அவர், காண்பவர் அவர், 'இடம்', 'வலம்', 'நில்', 'கதவு', 'இருவர்' என்று அவர் சொல்லட்டும், மூன்றாமாண்டுத் துப்பாக்கிக்காரர் கேட்கட்டும். நல்ல சுடுநர் தலைவராக இருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை; அவர் கண் குறியில் இருக்கும், மற்ற நால்வர் எங்கே நிற்கின்றனர் என்பது அவருக்குத் தெரியாது. சொற்களும் தமிழிலேயே இருக்கட்டும். 'கோ, கோ' என்று கத்துவதில் யாருக்கு என்ன புரிகிறது? எந்தப் பக்கம் போவது, யார் போவது? 'சிவப்பு வலம்' என்றால் இருவர் நகர்வர், இருவர் நிற்பர்.

மகளிர் விடுதியிலிருந்து ஆடும் ஓர் அணியினர் இவ்வாண்டு தொடங்கி, களத்தின் குறிப்பை ஒருவர் உரக்கப் படிக்கும்வரை கருவி அறையில் எவரும் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கின்றனர். கேடயம் வாரந்தோறும் கை மாறுகிறது. ஆப்பு ஆளுக்கு இரண்டு. நம் விடுதிகளின் அணிகள் வரும் சனிக்கிழமை அவர்களோடு ஒரே களத்தை ஆடி, மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்ளுமா? பெயர் கொடுக்க விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் சங்கச் செயலாளரிடம் கொடுக்கலாம். யார் கேடயம் என்பதையும் சேர்த்தே எழுதித் தர வேண்டும்.