வாசலில் நிற்கும் வண்டி சோறு போடுமா?

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான வீடு உண்டு. அந்த வீட்டுக்குச் சக்கரம் இருக்கும்!

உள்ளே கட்டில் இருக்கும். அடுப்பு இருக்கும். குளிர்சாதனப் பெட்டி, குளிக்கும் அறை, கக்கூஸ் எல்லாம் இருக்கும். சாவியைத் திருப்பினால் வீடே புறப்பட்டுவிடும். சில வீடுகளுக்கு எஞ்சின் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக "ஆர்.வி." என்று பெயர். இவற்றில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தில் தயாராகின்றன. அங்குள்ள எல்க்கார்ட் என்ற ஊரை ஆர்.வி.யின் தலைநகரம் என்றே அழைக்கிறார்கள்.

கோடை விடுமுறை வந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று புறப்படுவார்கள். போகிற இடத்தில் ஓட்டல் தேட வேண்டியதில்லை. ராத்திரி ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே படுத்துக்கொள்ளலாம்.

விடுமுறை முடிந்த பிறகு?

வண்டி நிற்கும். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மாவே நிற்கும்.

கட்டிப் போட்ட மாட்டுக்கும் தீனி வேண்டும் அல்லவா? நிற்கிற வண்டிக்கும் செலவு உண்டு. வீட்டு வாசலில் இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்தக் கூடாது என்று பல குடியிருப்புகளில் விதி இருக்கிறது. அப்போது வேறு இடத்தில் மாத வாடகை கொடுத்து நிறுத்த வேண்டும். இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். பனிக்காலம் வந்தால் குழாய்களில் உள்ள தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். ஆகவே தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத திரவத்தை ஊற்றி வைக்க வேண்டும். ஓடாமல் நின்றால் டயரும் கெட்டுப் போகும்.

"நமக்குத் தேவைப்படாத நாட்களில் பிறருக்கு வாடகைக்கு விட்டால் என்ன?"

இந்த யோசனையில் பிறந்தவைதான் சில இணையதளங்கள். ஆர்விஷேர் என்ற நிறுவனம் 2013-ல் தொடங்கியது. அவுட்டோர்சி 2015-ல் வந்தது. வண்டிக்காரர் தன் வண்டியின் படங்களையும் வாடகையையும் அதில் போடுகிறார். ஊர் சுற்ற விரும்பும் குடும்பம் அதைப் பார்த்துப் பேசி முடிக்கிறது. பணம் நிறுவனத்தின் மூலம் வருகிறது. நிறுவனம் தன் தரகை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தரகு கொஞ்சமல்ல. ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நான்கில் ஒரு பங்கு!

தரகு வாங்குவதற்கு அவர்கள் செய்யும் வேலையும் உண்டு. வண்டி கேட்பவர் ஒழுங்காக ஓட்டுகிறவர்தானா என்று விசாரிக்கிறார்கள். வாடகை நாட்களுக்குத் தனி இன்சூரன்ஸ் ஏற்பாடு செய்கிறார்கள். இது மிக முக்கியம். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ், வண்டியை வாடகைக்கு விட்ட நேரத்தில் பெரும்பாலும் செல்லாது. தரகை மிச்சம் பிடிக்க நினைத்து, தெரிந்தவரின் தெரிந்தவருக்குச் சாவியைக் கொடுத்தவர், விபத்து நடந்த பிறகுதான் தலையில் கை வைப்பார்.

சாவியைக் கொடுத்தால் போதுமா?

போதாது. ஆர்.வி. ஓட்டப் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண கார் லைசென்ஸ் போதும். வந்தவினை அங்கேதான்! பத்து, பன்னிரண்டு அடி உயரமுள்ள வண்டியைக் கார் என்று நினைத்துக்கொண்டு, தாழ்வான பாலத்தின் அடியில் நுழைத்து மேற்கூரையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. நிழலுக்காக விரிக்கும் பந்தலை மடக்காமல் தூங்கப் போவார்கள். இரவுக் காற்று அதை முறித்துப் போட்டுவிடும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் வண்டிக்காரர் ஒரு மணி நேரமாவது நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அடுப்புக்கு வாயு எப்படித் திறப்பது, மின்சாரக் கம்பியை எங்கே மாட்டுவது, கழிவுத் தொட்டியை எங்கே, எப்படிக் காலி செய்வது என்றெல்லாம் காட்ட வேண்டும். கழிவுத் தொட்டியைக் காலி செய்யாமலே வண்டியைத் திருப்பி விடுகிற வாடிக்கையாளரும் உண்டு. அந்த வேலை யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. விளம்பரப் படத்தில் மலையும் ஏரியும்தான் இருக்கும். கழிவுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர் இருக்க மாட்டார்.

சில வண்டிக்காரர்கள் சாவியையே கொடுப்பதில்லை. தாங்களே வண்டியைக் கொண்டுபோய், முகாமிடும் இடத்தில் நிறுத்திவிட்டு வருகிறார்கள். குடும்பம் வந்து தங்கிவிட்டுப் போகிறது. ஓட்டும் பயம் இரு பக்கமும் இல்லை. புத்திசாலித்தனமான ஏற்பாடு!

கடன் வாங்கலாமா?

சொந்தப் பணத்தில் வாங்கிய வண்டி சும்மா நிற்கிறது. அதை வாடகைக்கு விட்டு நிறுத்துகிற செலவையாவது ஈடு கட்டுகிறார்கள் என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், "வண்டியைக் கடனில் வாங்கு, வாடகையே கடனை அடைத்துவிடும்" என்று ஆசை காட்டுகிறார்களே, அதைத்தான் குடும்பஸ்தர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

80,000 டாலர் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 8 சதவிகிதம். தவணை 15 ஆண்டு. மாதம் சுமார் 765 டாலர் கட்ட வேண்டும். வருடத்துக்கு ஏறக்குறைய 9,180 டாலர்.

வரவைப் பார்க்கலாம். நாள் வாடகை 200 டாலர். வருடத்தில் 60 நாள் வண்டி போகிறது. மொத்தம் 12,000 டாலர். தரகு ஐந்தில் ஒரு பங்கு, 2,400 போனால் மீதி 9,600. தவணையைக் கட்டியதும் கையில் நிற்பது 420 டாலர்தான்! நிறுத்தும் இடத்துக்கு மாதம் 100 டாலர் என்றால் வருடத்துக்கு 1,200. அங்கேயே கணக்கு நஷ்டத்துக்குப் போய்விட்டது. இன்சூரன்ஸ், டயர், பழுது, வருமான வரி எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

அந்த 60 நாளும் எந்த நாட்கள்? பெரும்பாலும் கோடை நாட்கள். சொந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். எந்தப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வண்டி வாங்கினார்களோ, அந்தப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்க, அந்நியர் குடும்பம் அதில் ஏரிக்கரைக்குப் போகும்.

இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. கொரோனா காலத்தில் விமானத்திலும் ஓட்டலிலும் போகப் பயந்த மக்கள் ஆர்.வி.களை வாங்கிக் குவித்தார்கள். 2021-ல் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சம் வண்டிகள் வெளியேறின. அதற்கு முன் எந்த வருடமும் அத்தனை போனதில்லை. 2022 முதல் வட்டி விகிதம் ஏறியது. 2023-ல் போன வண்டிகள் சுமார் 3 லட்சத்து 13 ஆயிரம். பாதிக்குப் பாதி! உச்ச விலையில் வாங்கியவர்கள் விற்கப் போனபோது, சந்தையில் கிடைத்த விலையைவிடப் பாக்கிக் கடன் அதிகமாக இருந்தது. வீடு என்று பெயர் இருந்தாலும், மண்ணில் நிற்கும் வீட்டைப் போல இதன் விலை ஏறாது. புது வண்டியின் மதிப்பு முதல் சில வருடங்களிலேயே வேகமாகச் சரியும்.

வாடகை நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்தில், எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று கொட்டை எழுத்தில் போடுகின்றன. தரகு போக, செலவு போக மிஞ்சுவது எவ்வளவு என்பதையும் அதே எழுத்தில் போட்டால் என்ன? போட்டால் கடன் வாங்கி வருகிறவர் கூட்டம் குறையும். சொந்த வண்டிக்காரர்கள் அப்போதும் வருவார்கள்.

இதைப் படித்துவிட்டு, சொந்தக் காரை நாள் வாடகைக்கு விடலாமே என்று நம் ஊரில் சிலருக்குத் தோன்றலாம். இங்கே சட்டம் வேறு. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து உள்ள கார் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. வாடகைக்கு எடுத்து ஓட்டும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும்; அதற்குத் தனிப் பதிவு, தனி அனுமதி, தனி இன்சூரன்ஸ் உண்டு. வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு விட்டு அது விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தர மறுக்க இடம் உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்காமல் யாரிடமும் சாவியைக் கொடுக்க வேண்டாம்.