வில்லுவண்டியிலிருந்து கேரவன் வரை

கேரவன் என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். யூடியூபைத் திறந்தால் இப்போது வேறு கேரவன். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சோலார் தகடு எல்லாம் பொருத்தி மாதக்கணக்கில் கிளம்பிவிடுகிறார்கள். கேரள அரசு 2021இல் இதற்கென்றே ‘கேரவன் கேரளா’ என்ற சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது.

எங்கள் வாசிப்பு வட்டத்துத் தம்பி தங்கைகளுக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது. நாகர்கோவிலில் கிளம்பி 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே கேரளம், கர்நாடகம், கோவா, கொங்கண் வழியாக மும்பை போவது. தாதரில் சைத்யபூமியில் பயணத்தை முடிப்பது. இதுதான் திட்டம். “போராட வேண்டிய வயதில் ஊர் சுற்றலா?” என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். “பஸ்ஸில் போனால் ஆகாதா, எதற்கு இந்த வண்டி?” என்றார் இன்னொருவர். அதற்குக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை சொன்ன பதில் எங்களைத் தூங்கவிடவில்லை. “இதில் போனால் யாரிடமும் தண்ணீர் கேட்க வேண்டாம் அண்ணா. ரூம் கேட்க வேண்டாம். ‘எந்த ஊரு? ஊரா, காலனியா?’ன்னு யாரும் கேட்க மாட்டாங்க.”

இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஊர் சுற்றல். 1934இல் பாபாசாகேப் அம்பேத்கர் ஏறக்குறைய முப்பது தோழர்களோடு பஸ்ஸில் கிளம்பினார். மாநாட்டுக்கு அல்ல, வெரூள் குகைகளைப் பார்க்க. இயக்க வேலையால் களைத்தவர்கள் போன இன்பச் சுற்றுலா அது. ஆகவே பயணம் போகும் இளைஞர்களை யாரும் குற்றவாளிகளாகப் பார்க்க வேண்டியதில்லை. உலகத்தைப் பார்ப்பதும் நம் உரிமைதான்.

அந்தப் பயணத்தில் நடந்ததை ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’வில் அவரே எழுதியிருக்கிறார். வழியில் அவமானம் நேரக்கூடாது என்பதற்காகத் தாங்கள் யார் என்பதைச் சொல்லாமல் போவதென்று முடிவெடுத்திருந்தார்கள். தௌலதாபாத் கோட்டை வாசலில் ஒரு சிறு குளம். சிலர் அதில் புழுதிபடிந்த கைகால் முகம் கழுவினார்கள். அவ்வளவுதான். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்து கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய காவலாளியின் கண்காணிப்பில்தான் கோட்டையைப் பார்க்க முடிந்தது.

சட்டம் படித்த தலைவர், சொந்த ஏற்பாட்டில் பஸ், கூடவே முப்பது பேர். வண்டி ஓடும்வரை பிரச்சினை இல்லை. இறங்கித் தண்ணீரைத் தொட்டதும் சாதி வந்து நின்றது. ஓடும் வண்டிக்குள் சுதந்திரம் கிடைத்துவிடலாம். நிற்கும் இடத்தில் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தத் தங்கையின் பதிலுக்கு இங்கிருந்துதான் வருகிறோம். அவள் கேட்டது ஆடம்பரமில்லை, ஒருநாளாவது நிம்மதி. பள்ளிச் சுற்றுலாவிலும் வாடகை வீடு தேடும்போதும் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். அவளைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வசதி படைத்தவர் தண்ணீர்த் தொட்டியோடு பயணம் போனால் அதற்குப் பெயர் சாகசம். நம் பாட்டன் சொந்தச் சொம்போடு வழிநடந்தது, யாரும் தரமாட்டார்கள் என்பதால். சொம்பு தொட்டியாக வளர்ந்திருப்பது மட்டும் விடுதலையாகாது. 

இதை அந்த நெடுஞ்சாலையே நமக்குச் சொல்லித்தரும். நாகர்கோவிலிலிருந்து கிளம்பினால் சில மணி நேரத்தில் விழிஞ்ஞம். பக்கத்திலேயே வெங்ஙானூர், அய்யன்காளியின் ஊர். புலையர்கள் பொதுச்சாலையில் நடக்கவே கூடாதென்றிருந்த திருவிதாங்கூரில், 1893இல் அவர் ஒரு வில்லுவண்டி வாங்கினார். வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு, மணி கட்டிய காளைகளைப் பூட்டி, அதே சாலையில் ஓட்டிப்போனார். அடிக்க வந்தவர்களைக் கண்டு வண்டியைத் திருப்பவில்லை. அந்தத் திருவிதாங்கூரில் நம் நாகர்கோவிலும் அடக்கம்.

சேர்த்தலையில் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று விலகினால் வைக்கம். கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக 1924இல் தொடங்கிய போராட்டத்தில் பெரியார் சிறை சென்ற ஊர். பிறகு வண்டி வடக்கே ஓடி ஓடி, மும்பைக்கு முன்னால் மகாட். 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானோரோடு சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தது இங்கேதான். குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் தீர்மானத்தை நகராட்சி ஏற்கெனவே போட்டிருந்தது. காகிதத்தில் இருந்ததை அவர்கள் கையால் அள்ளினார்கள். சாதி இந்துக்களோ குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

மூன்று ஊர்களிலும் நம் முன்னோர் மறைந்து போகவில்லை. எல்லோரும் பார்க்கப் போனார்கள். அய்யன்காளி காளைக்கு மணி கட்டியது அதற்குத்தான்.

ஆகவே தோழர்களே, கிளம்புங்கள். ஆனால் வண்டியைப் பதுங்குமிடம் ஆக்காதீர்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தாலும் இறங்கி டீக்கடையில் குடியுங்கள். யாருக்கு எந்த டம்ளர் தரப்படுகிறது என்று பாருங்கள். கேரவன் பூங்காவில் ஓரிரவு தங்கினால், அடுத்த இரவு நம் மக்களின் குடியிருப்பில் அனுமதி கேட்டுத் தங்குங்கள். யாராவது ‘எந்த ஊர்’ என்று கேட்டால், சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம். பயந்து பொய் சொல்லும் நிலை வந்தால் மட்டும், தேதி, இடத்தோடு குறித்துவையுங்கள். அதுவும் ஒரு சாட்சியம்.

எல்லோரும் வண்டியோட்டப் பழகுங்கள், பெண் தோழர்கள் கட்டாயமாக. 1929இல் சாலீஸ்காவில் அம்பேத்கரை ஏற்றிச்செல்ல எந்தக் குதிரைவண்டிக்காரரும் முன்வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தந்தார்கள். பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டியதில் வண்டி விபத்துக்குள்ளாகி அண்ணலின் கால் எலும்பு முறிந்தது.

கடைசியாக ஒன்று. கேரவன் வீடியோக்களில் அதிகம் காட்டாத ஒரு பாகம், கழிப்பறைக்கு அடியிலிருக்கும் கழிவுத்தொட்டி. அதை யார் காலி செய்வது? பெட்ரோல் பங்க்கில் துடைப்பத்தோடு நிற்கும் அக்காவிடம் நூறு ரூபாயை நீட்டிவிட்டு நகர்வதா? மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளவைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சட்டத்தை அரசிடம் கேட்கும் நாம் வண்டிக்குள்ளேயே அதை மீறலாமா? முறை போட்டு, உரிய இடத்தில், நாமே காலி செய்வோம்.

அந்தத் தங்கையிடம் இதையெல்லாம் சொன்னோம். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “சரி அண்ணா, வண்டி முன்னாடி ஒரு மணி கட்டலாமா?” என்று கேட்டாள்.

கட்டுவோம். ஜெய்பீம்!