கோடை விடுமுறையும் கும்பளங்கியும்

ஆசிரியர் தொழிலைப் பற்றிப் பேச்சு வரும்பொழுதெல்லாம் நம் கடைத்தெரு அன்பர்கள் ஒரு வார்த்தை சொல்லத் தவறுவதில்லை: "உங்களுக்கென்ன ஐயா, ஆண்டுக்கு இரண்டு மாதம் சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறீர்கள்!" மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாய் ஏறி இறங்கும் மட்டாஞ்சேரியில், ஞாயிறு தவிர ஓய்வறியாத வணிகர் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. நாமும் சிரித்துக்கொண்டே கேட்டிருப்போம். ஆயினும் கணக்கைச் சற்றே விரித்துப் பார்ப்போம். ஏப்ரல் மாதத்தில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். மே மாதத்தில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு. ஊருக்குப் போய்வர ஒரு வாரம். ஆண்டு முழுவதும் "விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் ஒத்திவைத்த வேலைகளோ, அவற்றைப் பட்டியல் போட இந்தப் பக்கம் போதாது. எஞ்சுவது வாரத்துக்கு ஒரு பிற்பகல்.

அந்த ஒரு பிற்பகலைக் கும்பளங்கிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். தோப்பும்படியில் வண்டி மாறி, பள்ளுருத்தி கடந்து, பெரும்படப்புப் பாலம் ஏறி இறங்கினால் நாற்புறமும் காயல் சூழ்ந்த அச்சிற்றூர் வந்துவிடும். 2019-இல் வெளிவந்த 'கும்பளங்கி நைட்ஸ்' திரைப்படத்தின் பின்னர் அவ்வூரின் பெயரை அறியாதார் இல்லை. கல்லூரியில் வேதியியல் பேராசிரியராயிருந்து மத்திய அமைச்சராக உயர்ந்த கே. வி. தாமஸ் அவர்களும் அவ்வூரினரே. நாம் அங்கே செல்வது இவற்றின் பொருட்டன்று. பாலத்துக்கப்பால் இறங்கி, ஒரு தேநீரும் ஒரு பழம்பொரியும் முடித்து, கரையோரமாக நடந்து, சீனவலை ஒன்றின் அருகே உட்கார்ந்துவிடுவோம். வலை நீரில் இறங்கும்; சற்றுநேரம் கிடக்கும்; கயிற்றில் கட்டிய கற்கள் எதிர்ப்பாரமாய்த் தாழ, மறுபடி மேலெழும். பலமுறை வெறும் நீரே வடியும். வலைக்காரர் முகத்தில் சலிப்பு இராது. மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் அமர்ந்து பழகிய நமக்கு அந்தப் பொறுமையைக் காண்பதே ஒரு சுகம்.

அவ்வூரின் பொக்காளி வயல்களைப் பற்றி அன்பர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழை பெய்து உப்பு நீங்கும் ஜூன் மாதம் தொடங்கி ஐப்பசி வரையில் நெல். பின்னர் அதே வயலில் உவர்நீரை ஏற்றி, ஏப்ரல் நடுப்பகுதி வரையில் இறால். அறுவடையின்போது கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். அது மக்கி இறாலுக்கு இரையாகும். இறாலின் கழிவு மறுபோக நெல்லுக்கு எருவாகும். வேறு உரம் வேண்டுவதில்லை.

நம் வகுப்பில் பயின்ற ஒரு சிறுவனை இவ்வயல் வரப்பில்தான் கண்டோம். பின்னக் கணக்கு என்றால் கரும்பலகையின் முன் வாயடைத்து நிற்பவன். "மாஷே" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தவன், மதகருகே நம்மை நிறுத்தி, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் நீரேற்றம் எவ்வளவு உயரும், எந்த நேரத்தில் பலகையைத் தூக்கினால் இறால் வலையில் விழும் என்றெல்லாம் விரல்விட்டு எண்ணிச் சொன்னான். அந்த நாள்களுக்குத் 'தக்கம்' என்று பெயராம். மதகை அவன் 'தூம்பு' என்றான். நம் பழந்தமிழ்ச் சொல் அங்கே கால்சட்டை அணிந்த சிறுவன் வாயில் வாழ்கிறது! அடுத்த ஆண்டு பின்னத்தை நீரேற்றத்திலிருந்தே தொடங்குவது என்று அப்பொழுதே முடிவு செய்துகொண்டோம்.

விஷுவை ஒட்டி இறால் குத்தகை முடிந்ததும் 'கெட்டு கலக்கல்' என்றொரு நாள் உண்டு. கெட்டு என்பது நம் கட்டேதான். வரப்பு கட்டிய நீர்ப்பரப்பு. குத்தகைக்காரர் விட்டுச் சென்ற மீனை அன்று யார் வேண்டுமாயினும் பிடித்துக்கொள்ளலாம். பாட்டிமார் முதல் பாலகர் வரை சேற்றில் இறங்கிவிடுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய வாத்தியாருக்கும் அங்கே தடையில்லை. நமக்குக் கிடைத்தது இரண்டு சிறு கரிமீன். வீட்டில் கிடைத்தது சேற்றுத்துணிக்கான வசவு.

மே மாதத்தில் கவரு பூக்கும். கோடையில் காயல்நீரின் உப்பு ஏற ஏற, கண்ணுக்குத் தோன்றாத நுண்ணுயிர்கள் பெருகி, நீரை அசைத்தால் நீலமாய் ஒளிவிடும். துடுப்புப் பட்ட இடமெல்லாம் ஒரு கணம் சுடர்ந்து அணையும். மீன் துள்ளினால் ஒரு கோடு. பெருமழை பெய்து உப்புக் குறைந்ததும் எல்லாம் மறைந்துவிடும்.

இத்தனையும் ஏப்ரல், மே என்ற இரண்டு மாதத்துக்குள் அடங்கியவை. இதனை ஏன் விரித்துரைக்கிறோம் எனில், 2025 ஜூலை இறுதியில் கேரளக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி அவர்கள் பொதுமக்கள் முன் ஒரு கேள்வியை வைத்தார்: கோடை விடுமுறையை ஜூன், ஜூலை மாதங்களுக்கு மாற்றலாமா? அவர் கூறிய காரணங்கள் புறக்கணிக்கத் தக்கவையல்ல. மழைக்காலத்தில் விடுமுறை விட்டு விட்டுப் பள்ளி நாள்கள் வீணாவது மெய். ஆனால் ஏப்ரல் வெயிலில் ஐம்பது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து வைப்பது எத்தகையது என்பதையும் நாம் அறிவோம்.

தமிழ்க் குடும்பத்தார்க்கு இதில் தனி இழப்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் விடுமுறை மே மாதத்தில். ஜூலையில் நம் பிள்ளைகள் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ சென்றால், அத்தை மகனும் சித்தப்பா மகளும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். சித்திரைத் திருவிழாவும் முடிந்திருக்கும். ஆண்டு முழுவதும் மலையாளத்தில் பயிலும் குழந்தை, தன் வயதொத்தாருடன் தமிழில் சண்டையிட்டு விளையாடும் அந்த ஒரு மாதத்தை எந்தச் சங்க வகுப்பும் ஈடுசெய்யாது. இதனைத் தமிழாசிரியராகவே சொல்கிறோம். மே, ஜூன் இரண்டையும் சேர்த்து விடுமுறையாக்கலாம் என்றொரு யோசனையும் அப்பொழுது எழுந்தது. அது நமக்கு உவப்பானது: உறவும் நிற்கும், மழையின் முற்பகுதியும் கழியும், கவருவும் கிட்டும். கெட்டு கலக்கலைத்தான் விட்டுக்கொடுக்க நேரும். அன்பர்கள் தத்தம் வீட்டில் பேசி, தங்கள் கருத்தைச் சங்கத்துக்கு எழுதுங்கள். பிள்ளைகளையும் கேட்டு எழுதுங்கள்.

கவரு காண விரும்புவோர்க்கு ஒரு சொல். நிலவில்லாத இரவாகப் பார்த்துச் செல்லுங்கள். படகுக்காரரிடம் கூலியை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். கரையில் காகிதமும் புட்டியும் எறியாதீர்கள். வந்தவர்கள் எறிந்தது ஏற்கெனவே போதும். கைப்பேசி வெளிச்சத்தை அணைத்துவிட்டுச் சற்றே காத்திருந்தால் கண் இருட்டுக்குப் பழகும். அதன் பிறகு குழந்தையைத் துடுப்பால் நீரைத் தொடச் சொல்லுங்கள்.