கருகிய கேக்கும் கடுஞ்சொல்லும்



பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்த நம் குடும்பங்களில் ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின்சார ஓவன் இன்று சாதாரணப் பொருளாகிவிட்டது. கேக் செய்து விற்று, அந்த வருமானத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துகிற சகோதரிகளும் நம்மிடையே உண்டு. ஆகவே, ஓவன் அளவுக்கு மீறிச் சூடானால் என்ன செய்வது என்பதைக் குறித்து இம்மாதம் எழுதுகிறேன். இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம். கேரல் பாட வருகிறவர்களுக்காக என் மனைவி பழக் கேக் செய்துகொண்டிருந்தாள். 160 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவேண்டிய கேக், 35 நிமிடத்திலேயே மேலே கருகி, உள்ளே மாவாக நின்றது. இரண்டாவது கேக்கும் அவ்வாறே ஆயிற்று. முந்திரி, திராட்சை, வெண்ணெய் எல்லாம் வீணாயிற்றே என்ற எரிச்சலில், “இத்தனை வருஷமாகச் செய்கிறாய், இன்னுமா கை பழகவில்லை?” என்று பிள்ளைகளுக்கு முன்பாகவே கேட்டுவிட்டேன்.

அவள் மறுமொழி சொல்லவில்லை. மூன்றாவது கேக்கை வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு முன்பாக நாற்காலியைப் போட்டு அமர்ந்தாள். சற்று நேரம் கழித்து, “என்னங்க, உள்ளே இருக்கிற கம்பி அணையவே இல்லை, சிவப்பாகவே இருக்கிறது” என்றாள். “ஓவன் என்றால் சூடாகத்தானே இருக்கும்” என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

மறுநாள், ஓட்டல் ஒன்றில் சமையற்கூடச் சாதனங்களைப் பராமரிக்கும் சபைச் சகோதரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கதையைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “பாஸ்டர், இதைச் சமீபத்தில் யாராவது கழற்றினார்களா?” இரண்டு மாதங்களுக்கு முன் ஓவன் சூடாகாமல் நின்றுபோனதும், தெருமுனை மெக்கானிக் ஒருவர் பத்தே நிமிடத்தில், சொற்பக் கூலிக்குச் சரிசெய்து கொடுத்ததும், அதற்காக நான் மகிழ்ந்ததும் நினைவுக்கு வந்தன. சகோதரர் பிளக்கைப் பிடுங்கி, ஓவனின் பக்கத் தகட்டைத் திறந்தார். தெர்மோஸ்டாட்டுக்குச் செல்ல வேண்டிய இரண்டு ஒயர்களும் ஒன்றாக முறுக்கப்பட்டு, டேப் சுற்றப்பட்டிருந்தன. “டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள், பாஸ்டர்” என்றார். டைமர் மணியடித்ததும் ஓவன் அணைந்துவிட்டதால், உள்ளே சூட்டைக் கட்டுப்படுத்த ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியாமற்போயிற்று.

தெர்மோஸ்டாட்டின் வேலை எளிது. நாம் வைத்த சூடு வந்தவுடன் மின்சாரத்தைத் துண்டித்து, சூடு குறைந்தவுடன் மீண்டும் இணைக்கும். சில ஓவன்களில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களாலான பட்டை சூட்டில் வளைந்து இணைப்பைப் பிரிக்கிறது. வேறு சிலவற்றில் உட்சுவரை ஒட்டிய மெல்லிய குழாயிலுள்ள திரவம் சூட்டில் விரிந்து, குமிழின் பின்னாலுள்ள இணைப்பைத் தள்ளிப் பிரிக்கிறது. அந்தக் குழாய் தன் கவ்வியை விட்டு நழுவினாலும், அதிலுள்ள திரவம் கசிந்தாலும், இணைப்பு முனைகள் பொறிபட்டு ஒட்டிக்கொண்டாலும் மின்சாரம் வேளைக்குத் துண்டிக்கப்படாது. சூடு ஏறிக்கொண்டே போகும்.

ஆயினும், கருகிய கேக்கைக் கண்டவுடன் ஓவன் பழுது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அந்தச் சகோதரர் கற்றுத்தந்த வரிசையில் பாருங்கள்.

முதலாவது, செய்முறைக் குறிப்பைப் பாருங்கள். அதில் 350 என்றிருந்தால் அது பாரன்ஹீட்; நம் குமிழில் ஏறக்குறைய 177 டிகிரி செல்சியஸ். கறுப்பு நிறத் தகரம் சூட்டை அதிகமாக இழுக்கும். அதற்கு 10 முதல் 15 டிகிரி குறைத்து வையுங்கள். உள்ளே விசிறி சுழலும் ஓவனானால், சாதாரண ஓவனுக்கான குறிப்பிலிருந்து 20 டிகிரி குறைக்க வேண்டும். சிறிய ஓவனில் கேக் மேல் கம்பியை நெருங்கிவிடாதபடி அதை நடுவில் வையுங்கள். அடியில் அலுமினியத் தாள் விரிக்காதீர்கள்.

இரண்டாவது, கம்பியைக் கவனியுங்கள். வைத்த சூடு வந்தபின் கம்பியின் சிவப்பு மங்கி, மீண்டும் சிவக்க வேண்டும். பல ஓவன்களில் அப்போது ‘டிக்’ என்ற சிறு ஓசை கேட்கும். சில ஓவன்களில் விளக்கு டைமரோடு இணைந்திருப்பதால், விளக்கை மட்டும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, சூட்டை அளந்து பாருங்கள். ஓவன் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து, குமிழை 180-இல் நிறுத்தி, அரைமணி நேரம் பொறுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கண்ணாடி வழியாகவே அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 165-க்கும் 195-க்கும் இடையே ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். சராசரி சரியாகவே இருக்கிறது. எப்போதும் 20 டிகிரி கூடுதலாகக் காட்டினால், குமிழை அந்த அளவு குறைத்து வைத்தால் போதும். இறங்காமல் 230, 240 என்று ஏறிக்கொண்டே போனால் ஓவனை அணைத்துவிடுங்கள். பழுது தெர்மோஸ்டாட்டிலோ அதன் இணைப்பிலோதான் இருக்கும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் சர்க்கரையே ஓரளவு அளவுகோலாகும். வெள்ளைச் சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். ஓவன் நன்றாகச் சூடேறியபின், சிறு தட்டில் ஒரு கரண்டிச் சர்க்கரையை 15 நிமிடம் வையுங்கள். குமிழ் 175-இல் இருக்கும்போதே அது உருகி ஓடினால், ஓவன் தான் சொல்வதைவிட அதிகமாகச் சூடாகிறது என்று அறியலாம்.

நான்காவது, ஓவனைத் திறப்பது மின்வேலை அறிந்தவருடைய பணி. பிளக்கைப் பிடுங்கி, முற்றிலும் ஆறிய பின்பே திறக்க வேண்டும். குழாய் நழுவியிருந்தால் கவ்வியில் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடலாம். தெர்மோஸ்டாட்டை மாற்றுவதானால், அதே சூட்டளவும் அதே மின்திறனும் உள்ளதையே போட வேண்டும். வேலை முடிந்ததும், “தெர்மோஸ்டாட்டையோ பாதுகாப்பு பியூஸையோ டைரக்ட் செய்தீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். பிறகு தெர்மாமீட்டரை வைத்து மறுபடியும் அளந்து பாருங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிப்புகள். 1500 வாட் ஓவன் ஏறக்குறைய ஆறரை ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அதைச் சிறிய 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் ஒயரிலோ போடாமல், 16 ஆம்பியர் பிளக்கிலேயே நேராகப் போடுங்கள். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பியும் கம்பி சிவந்திருந்தாலோ, உள்ளே தீப்பிடித்தாலோ, சுவரிலுள்ள ஸ்விட்சை அணையுங்கள். கதவைத் திறக்கவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். தீ உள்ளேயே அடங்காவிட்டால், பிள்ளைகளோடு வெளியேறி 101-க்கு அழையுங்கள்.

புதிய தெர்மோஸ்டாட் பொருத்திய அன்று மாலை, தெர்மாமீட்டரின் முள் 160-ஐச் சுற்றியே நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. பழுதைக் கண்டுபிடித்தவள் என் மனைவியே. “கம்பி அணையவே இல்லை” என்று அவள் சொன்னதற்கு நான் செவிகொடுத்திருந்தால், மூன்றாவது கேக் தப்பியிருக்கும். நான்கு பேர் வாழும் ஒற்றை அறை வீட்டில், கட்டுப்பாடு இல்லாத நெருப்பை மலிவுக் கூலிக்கு வாங்கி வைத்தவன் நான். பழி சுமந்தவள் அவள்.

பிள்ளைகள் முன்பாகப் பேசிய சொல்லுக்கு, பிள்ளைகள் முன்பாகவே மன்னிப்புக் கேட்டேன். “சரி, விடுங்க. முதலில் அந்தத் திராட்சையைக் கழுவிக் கொடுங்க” என்றாள் அவள்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது கருகினால், சமைத்த கையைக் குறை சொல்லும் முன் ஓவனின் சூட்டை அளந்து பாருங்கள். அதற்கும் முன்பாக, அதைத் தினமும் கையாளுகிறவர்கள் என்ன கண்டார்கள் என்று கேளுங்கள்.